குஞ்சின் குரலும் ஒரு கையெழுத்துதான்

எறையூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பகலில் தாய் ஆடுகள் மேய்ச்சலுக்குப் போய்விடும். பால் குடிக்கும் குட்டிகளை மட்டும் குடாப்புக்குள் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் மந்தை திரும்பியதும் குடாப்பைத் தூக்கிவிட்டால் போதும், அதன்பிறகு ஒரே கூச்சல்தான். நூறு தாய், நூறு குட்டி. எல்லாம் ஒரே நேரத்தில் கத்தும். கேட்கிறவனுக்கு ஒரு குரலுக்கும் இன்னொரு குரலுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கொஞ்ச நேரத்தில் கூச்சல் அடங்கிவிடும். ஒவ்வொரு குட்டியும் தன் தாயின் மடியில் முட்டிக்கொண்டிருக்கும். ஆள் மாறிப் போன குட்டி உதைபட்டுத் திரும்பும்.

குரல் தூரத்தில் வழி காட்டுகிறது. பக்கத்தில் வந்ததும் மோப்பம் அதை உறுதி செய்கிறது. இதே வேலையை மோப்பத்தை நம்பாமல், பெரும்பாலும் குரலை மட்டுமே வைத்துச் செய்கிற உயிரினங்கள் உலகத்தில் உண்டு. அவைதான் கடற்பறவைகள். அவற்றின் குஞ்சுகள் எப்படித் தாய் தந்தையோடு பேசிக்கொள்கின்றன, அந்தப் பேச்சை மனிதன் எப்படிப் பறவைகளைக் காப்பாற்றப் பயன்படுத்தினான் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பெரம்பலூர் மாவட்டத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கரும்பு டிராக்டர்கள் சர்க்கரை ஆலைக்கு வரிசை கட்டும் எறையூரிலிருந்து கடலைப் பார்க்கப் பல மணி நேரம் பேருந்தில் போக வேண்டும். ஆனால் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த மாவட்டத்தின் ஒரு பகுதியே கடலுக்கு அடியில்தான் இருந்தது. காரை கிராமத்துப் பக்கம் வெடித்துக் கிடக்கும் களிமண் நிலத்தில், நத்தை போலச் சுருண்ட ஓடுடைய அம்மோனைட் என்ற கடல் உயிரினத்தின் புதைபடிவங்கள் இன்றும் கிடைக்கின்றன. கடல் பின்வாங்கிப் போய்விட்டது. ஆனாலும் குளிர்காலத்தில் பக்கத்து அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரிக்கு மீசை ஆலாக்கள் வருகின்றன. 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அதே கரைவெட்டிதான். மீசை ஆலா நன்னீர்ப் பறவை. அதன் நெருங்கிய உறவினர்கள்தான் கடல் ஆலாக்கள். மெலிந்த உடம்பு, கூரான இறக்கை, தலையில் கறுப்புத் தொப்பி. ஆங்கிலத்தில் டெர்ன் என்பார்கள்.

எதற்காகக் குரல்?

வங்கியில் காசோலையைக் கொடுத்தால் உடனே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட மாட்டார்கள். கையெழுத்தைச் சரிபார்ப்பார்கள். தவறான ஆளுக்குக் கொடுத்துவிட்டால் நஷ்டம் வங்கிக்கு. கடற்பறவையின் நிலைமையும் இதேதான். ஓர் ஆலா கடலில் பறந்து, தேடி, பாய்ந்து, பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரு மீனைத்தான் அலகில் கவ்விக்கொண்டு வருகிறது. அந்த ஒரு மீனைப் பக்கத்து வீட்டுக் குஞ்சுக்குக் கொடுத்துவிட்டால் சொந்தக் குஞ்சு பட்டினி. அதனால் கொடுப்பதற்கு முன் கையெழுத்துப் பார்த்தாக வேண்டும். குஞ்சின் குரல்தான் அந்தக் கையெழுத்து.

ஆனால் எல்லாக் கடற்பறவையும் கையெழுத்துப் பார்ப்பதில்லை என்பது இன்னும் சுவாரசியமான செய்தி. கிட்டிவேக் என்ற கடற்காகம் செங்குத்தான பாறையின் குறுகிய விளிம்பில் கூடு கட்டும். குஞ்சு ஓர் அடி எடுத்து வைத்தால் கீழே கடல். அதனால் பறக்கும் வயது வரும்வரை அது கூட்டைவிட்டு நகராது. 1950களில் இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் இந்தப் பறவையை ஆராய்ந்த எஸ்தர் கல்லன் ஒன்றைக் கவனித்தார். மற்றக் கடற்காகங்கள் குஞ்சு பொரித்த சில நாட்களிலேயே தம் குஞ்சை அடையாளம் தெரிந்துகொள்கின்றன. கிட்டிவேக் அப்படித் தெரிந்துகொள்வதில்லை. கூட்டில் வேறு குஞ்சை மாற்றி வைத்தாலும் அதற்கு இரை ஊட்டுகிறது. விலாசம் மாறாதபோது கையெழுத்து எதற்கு? தரையில் முட்டையிடும் பறவைகளின் குஞ்சுகளோ ஓடும், ஒளியும், மற்றக் குஞ்சுகளோடு கலந்துவிடும். விலாசம் நிலையில்லை. அதனால் குரல் தேவைப்படுகிறது.

பெரிய கொண்டை ஆலாவை எடுத்துக்கொள்ளுங்கள். மணல் திட்டில் ஒரு சின்னக் குழி, அதில் முட்டை. அதுதான் வீடு. குஞ்சு பொரித்துச் சில நாட்களில் நடக்க ஆரம்பித்ததும் எல்லாக் குஞ்சுகளும் ஒரே கூட்டமாகச் சேர்ந்துகொள்ளும். ஒரு பால்வாடி என்றே சொல்லலாம். மீனோடு வரும் ஆலா அந்தக் கூட்டத்துக்கு மேலே கத்திக்கொண்டே பறக்கும். அத்தனை குஞ்சுகளில் அதன் குஞ்சு பதில் கொடுக்கும். குரல் பொருந்தினால்தான் மீன் கை மாறும்.

முட்டைக்குள்ளேயே பாடம்

இந்த அடையாளம் எப்போது பதிகிறது? கில்லமாட் என்று ஒரு கடற்பறவை. வடக்குக் கடல்களின் பாறைகளில் ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கூடே கட்டாது. வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டை. இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் பீட் ட்ஷான்ஸ் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர். முட்டை பொரிவதற்கு முந்தைய நாட்களில் குஞ்சு ஓட்டுக்குள் இருந்தபடியே கத்துவதையும், பெற்ற பறவை வெளியிலிருந்து பதில் கொடுப்பதையும் அவர் கவனித்தார். அடைகாப்புப் பெட்டியில் இருந்த முட்டைகளுக்குக் குறிப்பிட்ட ஒரு பறவையின் குரலைப் பதிவு செய்து போட்டுக் காட்டினார். பொரிந்து வெளியே வந்த குஞ்சுகள், கேட்டுப் பழகிய குரல் வந்த ஒலிபெருக்கியை நோக்கியே போயின. கருவிலேயே பாடம் கேட்ட அபிமன்யு கதை நமக்குத் தெரியும். கில்லமாட் குஞ்சு நிஜமாகவே அதைச் செய்கிறது.

இந்தப் பாடம் சும்மா இல்லை. சுமார் மூன்று வாரத்தில், இறக்கை சரியாக முளைக்காத நிலையிலேயே, இந்தக் குஞ்சு பாறையிலிருந்து கடலில் குதித்துவிடும். பெரும்பாலும் இருட்டுகிற நேரத்தில். கீழே அலைச் சத்தம், சுற்றிலும் நூற்றுக்கணக்கான பறவைகளின் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் தந்தையும் குஞ்சும் மாறி மாறிக் கூப்பிட்டு ஒன்றையொன்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் தந்தை பல வாரம் கடலிலேயே கூட இருந்து வளர்க்கும். கண்டுபிடிக்காவிட்டால் அந்தக் குஞ்சின் கதை அன்றோடு முடிந்தது.

இரைச்சலுக்குள் குரலைப் பிடிப்பதில் கிங் பெங்குவின் இன்னும் கெட்டிக்காரப் பறவை. இதற்கும் கூடு கிடையாது. பல்லாயிரம் பறவைகள் நிற்கும் திடலில் குஞ்சு காத்திருக்கும். தியரி ஓபின், பியர் ஜுவென்டின் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மற்றப் பறவைகளின் கூச்சலைவிடப் பெற்றோரின் குரல் 6 டெசிபல் தாழ்ந்து ஒலித்தாலும் குஞ்சு அதை அடையாளம் கண்டுகொள்கிறது என்று காட்டினார்கள். திருவிழாக் கூட்டத்தில் பத்து ஒலிபெருக்கி அலறும்போதும் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்ப்பது போலத்தான்.

குரலை வைத்துக் கூப்பிட முடியுமா?

கடற்பறவைகள் தனியாகக் குடியேறாது. ஆள் இல்லாத தெருவில் வீடு வாங்க யாரும் யோசிப்பது போல, தன் இனத்தின் சத்தமும் நடமாட்டமும் இல்லாத தீவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது இறங்கத் தயங்கும். ஒரு தீவில் பறவைகள் ஒருமுறை அழிந்துவிட்டால் திரும்பி வராமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதை உடைத்துக் காட்டியவர் ஸ்டீபன் கிரெஸ். அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலில் ஈஸ்டர்ன் எக் ராக் என்ற சின்னத் தீவு இருக்கிறது. அங்கே இருந்த பஃபின் பறவைகளை 19ஆம் நூற்றாண்டிலேயே வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். 1973இல் கிரெஸ் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து பஃபின் குஞ்சுகளைக் கொண்டுவந்து, செயற்கை வளைகளில் வைத்து, மீன் கொடுத்து வளர்த்துக் கடலுக்கு அனுப்பினார். வளர்ந்த பறவைகள் திரும்பி வந்தால் தனிமையாக உணரக் கூடாது என்று மரத்தால் செய்த பஃபின் பொம்மைகளையும் நிறுத்தினார். 1981இல் அங்கே மறுபடியும் பஃபின் குஞ்சு பொரித்தது. இதற்கிடையில் அதே தீவில் ஆலாக்களையும் வரவழைக்க 1978இல் பொம்மைகளோடு ஆலாக் கூட்டத்தின் ஒலிப்பதிவையும் ஒலிக்கவிட்டார். 1980இல் ஆலாக்கள் வந்து முட்டையிட்டன. வெறும் சத்தம் ஒரு ஊரையே திரும்பக் கொண்டுவந்தது.

ஜப்பானின் தொரிஷிமா எரிமலைத் தீவிலும் இதே வழிதான். குட்டைவால் ஆல்பட்ராஸ் பறவைகளை இறகு வியாபாரத்துக்காக லட்சக்கணக்கில் அடித்துக் கொன்றார்கள். 1949இல் இனமே அழிந்துவிட்டது என்று எழுதிவிட்டார்கள். 1951இல் சுமார் பத்துப் பறவைகள் தென்பட்டன. ஆனால் அவை முட்டையிட்ட சரிவு எரிமலைச் சாம்பல் சரிகிற இடம். ஹிரோஷி ஹசெகாவா என்ற அறிஞரின் முயற்சியில், 1990களில் தீவின் இன்னொரு பக்கத்தில் பாதுகாப்பான சரிவில் பொம்மைகளை வைத்து ஒலிப்பதிவையும் போட்டார்கள். 1995இல் அங்கே முதல் முட்டை. பிறகு 2008 முதல் 2012 வரை 70 குஞ்சுகளைச் சுமார் 350 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் முகோஜிமா தீவுக்குக் கொண்டுபோய்க் கையால் இரை ஊட்டி வளர்த்தார்கள். அவற்றில் 69 பறந்து கடலுக்குப் போயின.

நம் கடற்கரைக்கு இன்னும் நெருக்கமான கதை சீனக் கொண்டை ஆலாவுடையது. அழிந்துபோனதாகப் பலரும் நினைத்த இந்தப் பறவை 2000ஆம் ஆண்டு தைவானின் மாட்சு தீவுகளில், பெரிய கொண்டை ஆலாக் கூட்டத்துக்கு நடுவில் சில ஜோடிகளாக மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனாலும் முட்டை திருடுகிறவர்களால் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. 2013இல் சீனாவின் ஜெஜியாங் மாகாணத்துத் தீவு ஒன்றில் ஆலா பொம்மைகளை நட்டு, ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்து, ஆட்களைக் காவலுக்கு வைத்தார்கள். அந்தப் பருவத்திலேயே பெரிய கொண்டை ஆலாக்கள் ஆயிரக்கணக்கில் இறங்கின. அவற்றோடு 19 சீனக் கொண்டை ஆலாக்களும் வந்தன. குஞ்சும் பொரித்தது. இன்று உலகத்தில் அந்த இனத்தின் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது.

செல்லாத காசோலை

இதையெல்லாம் படித்தால் ஒலிபெருக்கி ஒன்று போதும் என்று தோன்றும். அப்படி இல்லை. நியூசிலாந்தின் மானா தீவில் கானெட் பறவைகளை வரவழைக்க 80 கான்கிரீட் பொம்மைகளை வைத்து, சூரிய மின்சாரத்தில் ஓடும் ஒலிபெருக்கியையும் பொருத்தினார்கள். பல வருடம் எதுவும் தங்கவில்லை. 2015இல் ஒரே ஒரு பறவை வந்து தங்கியது. அதற்கு நைஜல் என்று பெயர் வைத்தார்கள். நைஜல் ஒரு கான்கிரீட் பொம்மையைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பக்கத்தில் கூடு கட்டி, அதன் கான்கிரீட் கழுத்தைக் கோதிவிட்டுக்கொண்டிருந்தது. பதிலே வராத துணை. 2017 கடைசியில் ஒலிபெருக்கியின் இடத்தை மாற்றி வைத்தபிறகு மூன்று நிஜ கானெட்கள் வந்தன. ஆனால் சில வாரத்தில், 2018 தொடக்கத்தில், நைஜல் அந்தப் பொம்மைக்குப் பக்கத்திலேயே செத்துக் கிடந்தது.

வணிகவியலில் ஒரு பாலபாடம் உண்டு. கணக்கில் பணம் இல்லாமல் காசோலை கொடுக்கக் கூடாது. ஒலிப்பதிவும் ஒரு காசோலைதான். இங்கே கூட்டம் இருக்கிறது, இடம் பாதுகாப்பானது, வந்து முட்டையிடு என்று பறவைக்கு எழுதிக் கொடுக்கும் வாக்கு. எலி திரியும் தீவிலோ, முட்டை திருடும் ஆட்கள் வரும் தீவிலோ அந்த ஒலியைப் போட்டால் பறவை ஏமாந்து வந்து தன் ஒரே முட்டையை அங்கே இட்டுவிடும். மேலே சொன்ன மூன்று வெற்றிகளிலும் ஒலியோடு வேறு ஒன்றும் இருந்தது. மெய்னில் ஆலா முட்டைகளைத் தின்னும் பெரிய கடற்காகங்களைக் கட்டுப்படுத்தினார்கள். தொரிஷிமாவில் சரியாத நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சீனத்துத் தீவில் ஆள் காவல் இருந்தார்கள். கணக்கில் பணம் போட்டுவிட்டுத்தான் காசோலை எழுதினார்கள்.

நம் கரையில்

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் வரிசையாகக் கிடக்கும் மணல் திட்டுகளை ராமர் பாலம் என்கிறோம், ஆதம் பாலம் என்றும் சொல்வார்கள். மனிதர் வசிக்காத அந்தத் திட்டுகளில் பெரிய கொண்டை ஆலா உட்படப் பல ஆலா இனங்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. இலங்கை தன் பக்கத்துத் திட்டுகளை 2015இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. தமிழ்நாடு 2025 ஜூன் மாதம் தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கான சரணாலயம் ஒன்றை அறிவித்தது. 1964 டிசம்பர் புயலில் அழிந்துபோன தனுஷ்கோடிக்கு அப்பால், அரிச்சல்முனை வரை 2017இல் சாலை போட்டாகிவிட்டது. விடுமுறை நாளில் அங்கே நிற்கும் வண்டிகளுக்குக் கணக்கில்லை.

இங்கே பறவைகளை வரவழைக்கப் பொம்மையும் ஒலிபெருக்கியும் வேண்டியதில்லை. பறவைகள் ஏற்கனவே வருகின்றன. அவற்றின் குரலுக்குக் குறுக்கே நாம் போகாமல் இருந்தால் போதும்.

எப்படிக் குறுக்கே போகிறோம்? ஆலாக்கள் முட்டையிட்டிருக்கும் மணலில் ஒரு ஆள் கால் வைத்தால் போதும், மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். வெயிலில் கிடக்கும் முட்டை சீக்கிரமே சூடேறிக் கெட்டுவிடும். குஞ்சுகள் மூலைக்கொன்றாக ஓடும். பயந்த குஞ்சு சத்தம் போடாமல் மணலோடு மணலாகப் படுத்துக்கொள்ளும். அது அதன் தற்காப்பு. ஆனால் மேலே பறக்கும் தாய்க்கு அதன் குரல் கிடைக்காது. காகமோ நாயோ அந்தக் குஞ்சைத் தேட ஆரம்பித்துவிடும். புகைப்படம் எடுத்துக்கொண்டு நாம் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவோம். அதற்குள் ஒரு குஞ்சின் கையெழுத்து அழிந்துபோயிருக்கலாம்.

இன்னொன்று கைபேசி. இப்போது எந்தப் பறவையின் குரலும் இணையத்தில் கிடைக்கிறது. அதைச் சத்தமாகப் போட்டுப் பறவையை அருகில் வரவழைத்துப் படம் எடுக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. இனப்பெருக்க காலத்தில் இது நல்லதல்ல. இல்லாத போட்டியாளரை விரட்ட ஒரு பறவை முட்டையை விட்டுவிட்டு அலைகிறது. கிரெஸ் ஒலித்ததும் பறவைக் குரல்தான், இவர்கள் ஒலிப்பதும் பறவைக் குரல்தான். முன்னது பறவைக்கு வீடு கொடுத்தது. பின்னது படம் எடுப்பவருக்குப் படம் கொடுக்கிறது, பறவைக்கு ஒன்றும் கொடுப்பதில்லை.

சத்தத்தை அடக்குவது நம் மக்களுக்குத் தெரியாத வித்தை இல்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி கிராமத்தில் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கண்மாய் மரங்களில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரண்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக ஊரே சேர்ந்து எடுத்த முடிவு அது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தீபாவளி என்றால் மத்தாப்பும் பலகாரமும்தான். ஒலிபெருக்கி, சூரிய மின்தகடு, பொம்மை எதுவும் இல்லை. செலவு என்று பார்த்தால் குழந்தைகளின் ஒருநாள் ஆசை மட்டும்தான். அதையும் அந்தக் குழந்தைகள் மனசார விட்டுக்கொடுக்கிறார்கள்.

அடுத்த முறை ராமேசுவரம் போகிறவர்கள் அரிச்சல்முனையில் கடலைப் பாருங்கள், காற்றை வாங்குங்கள், தூரத்துத் திட்டுகளைக் கரையில் நின்றே பாருங்கள். மணலில் ஆலாக்கள் உட்கார்ந்திருந்தால் அவை எழும்பாத தூரத்திலேயே நின்றுவிடுங்கள். கைபேசியில் பாட்டு ஓடினால் அணைத்துவிடுங்கள். அலகில் ஒரே ஒரு மீனோடு கடலிலிருந்து ஒரு பறவை திரும்பி வந்துகொண்டிருக்கும். அது கூப்பிடுவது அதன் குஞ்சுக்குக் கேட்க வேண்டும். குஞ்சு கொடுக்கும் பதில் அதற்குக் கேட்க வேண்டும்.